கொக்கு கோணுதா? முதலில் தாளை அளந்து பாருங்கள்!

மழை பெய்தால் கப்பல். வகுப்பு போரடித்தால் ராக்கெட். காகிதம் மடிப்பது நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து, பேசிக்கொண்டே கத்திக் கப்பல் செய்துவிடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர்! அதே பிள்ளைகள், லீவு நாளில் வீடியோவைப் பார்த்து ஜப்பானியக் கொக்கு செய்ய உட்கார்ந்தால் பாதியிலேயே முகம் வாடிவிடுகிறது. அலகு ஒரு பக்கம் கோணுகிறது. ஒரு இறக்கை நீளம், இன்னொன்று குட்டை. நான்காவது தாளையும் கசக்கி எறிந்துவிட்டு, ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று எழுந்துவிடுகிறார்கள். ‘என்னை மாதிரியே உனக்கும் கைவேலை வரலை’ என்று பெரியவர்களும் சேர்ந்து முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்படி முடிவு கட்டும் முன், கசக்கி எறிந்த அந்தத் தாளை ஒருமுறை பிரித்து, நான்கு பக்கங்களையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 15 செ.மீ., அடுத்த பக்கம் 15.4 செ.மீ. என்று இருந்தால், அந்தக் கொக்கு முதல் மடிப்புக்கு முன்பே தோற்றுப்போயிருக்கிறது. அதை எந்தக் கைத்திறமையாலும் காப்பாற்றியிருக்க முடியாது.

கப்பலுக்குச் செவ்வகம்... கொக்குக்குச் சதுரம்!

கப்பல் செய்வதை நினைத்துப் பாருங்கள். தாளைப் பாதியாக மடித்து, மேல் மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவருவோம். கீழே ஒரு பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையை இருபுறமும் மேலே மடித்தால்தான் கப்பலுக்கு விளிம்பு கிடைக்கும். ஏ4 தாளில் அந்தப் பட்டை சுமார் 4 செ.மீ. அகலம் இருக்கும். சதுரத் தாளில் அதே கப்பலைச் செய்ய முயன்றால் பட்டையே மிஞ்சாது. மூலைகள் நேராக அடிவரை வந்துவிடும். ஆக, கப்பலுக்குச் செவ்வகத் தாள்தான் வேண்டும். நோட்டுத் தாள் சில மி.மீ. கூடக் குறைய இருந்தாலும் விளிம்பின் உயரம்தான் மாறும்; கப்பல் மிதக்கும்.

கொக்கின் கதை வேறு. சதுரத்தின் நான்கு மூலைகளில் ஒன்று தலை, ஒன்று வால், மீதி இரண்டும் இறக்கைகள். நான்கும் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும். தாளின் ஒரு பக்கம் 3 மி.மீ. நீண்டிருந்தாலும் போதும், முதல் மூலைவிட்ட மடிப்பிலேயே ஓரங்கள் பொருந்தாமல் நழுவும். அடுத்தடுத்த மடிப்புகள் அந்தத் தப்பின் மேலேயே விழும். கூர்மையாக வரவேண்டிய அலகில், எல்லாத் தப்பும் ஒன்றுசேர்ந்து வந்து நிற்கும்.

ஒரிகாமியின் பெரும்பாலான மாடல்கள் சதுரத் தாளில் தொடங்குபவை. ஜப்பானில் இதற்கென்றே சதுரமாக வெட்டிய வண்ணத் தாள்கள் விற்கிறார்கள். 15 செ.மீ. சதுரம் வழக்கமான அளவு. அதில் பாதிப் பக்கமான 7.5 செ.மீ. தாளும் பரவலாகக் கிடைக்கும். வீடியோவில் மடிப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த ரெடிமேட் தாள்தான். வீட்டுப் பிள்ளைகள் கையில் இருப்பதோ கண்ணளவில் கிழித்த நோட்டுத் தாள். வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இதற்காக பாக்கெட் தாளை ஆன்லைனில் தேடி ஆர்டர் செய்ய வேண்டியதில்லை. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாளே போதும், அதன் கணக்கு தெரிந்தால்!

ஏ4-ன் ரகசியம்

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., நீளம் 29.7 செ.மீ. 30 என்று முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். அந்த 29.7-க்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தாளை நீளவாக்கில் பாதியாக்கினால் கிடைக்கும் ஏ5 தாளும் அச்சு அசலாக அதே வடிவத்தில் இருக்கும். அளவு மட்டும்தான் சிறியது. மறுபடி பாதியாக்கினால் ஏ6, அதுவும் அதே வடிவம். அகலத்தைப்போல் 1.414 மடங்கு, அதாவது 2-ன் வர்க்கமூலம் அளவுக்கு நீளம் இருக்கும் செவ்வகத்துக்கு மட்டும்தான் இந்தக் குணம் உண்டு. 1922-ல் ஜெர்மனியில் தரநிலையாக்கப்பட்ட இந்த அளவு முறை, இன்று உலகின் பெரும்பகுதியில் புழக்கத்தில் இருக்கிறது. வரிசையின் முதல் தாளான ஏ0-வின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4.

ஜெராக்ஸ் எடுப்பவர்களுக்கு வசதியான இந்த 1.414, ஒரிகாமி செய்பவர்களுக்குச் சின்னத் தலைவலி. சதுரங்களாக வெட்டும்போது எப்படியும் ஒரு துண்டு மிஞ்சும். எந்த அளவில் வெட்டினால் குறைவாக மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

ஒரு தாளில் எத்தனை சதுரம்?

ஒரே ஒரு ஏ4 தாளை இப்படியெல்லாம் பிரிக்கலாம்:

1 சதுரம்: 21 செ.மீ. பக்கம். 8.7 செ.மீ. அகலப் பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையிலிருந்தே 8.7 செ.மீ. சதுரங்கள் இரண்டு எடுக்கலாம்.

2 சதுரங்கள்: 14.8 செ.மீ. பக்கம். தாளை முதலில் இரண்டு ஏ5 ஆக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சதுரம். ஜப்பானிய 15 செ.மீ. தாளுக்கு 2 மி.மீ. மட்டுமே குறைவு.

6 சதுரங்கள்: 9.9 செ.மீ. பக்கம். நீளத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு. 1.2 செ.மீ. பட்டை மட்டும் மிஞ்சும்.

12 சதுரங்கள்: 7 செ.மீ. பக்கம். நீளத்தில் நான்கு, அகலத்தில் மூன்று. 1.7 செ.மீ. பட்டை மிஞ்சும்.

35 சதுரங்கள்: 4.2 செ.மீ. பக்கம். நீளத்தில் ஏழு, அகலத்தில் ஐந்து. மிஞ்சுவது வெறும் 3 மி.மீ.!

ஒன்று அல்லது இரண்டு சதுரமாக வெட்டும்போது தாளில் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் ஒதுங்கிவிடுகிறது. ஆறு அல்லது பன்னிரண்டாக வெட்டினால் சுமார் 6 சதவிகிதம்தான். முப்பத்தைந்தில் ஒரு சதவிகிதம். ஏழை ஐந்தால் வகுத்தால் 1.4 வரும், அது 1.414-க்கு மிக அருகில் இருப்பதால்தான் இந்தச் சிக்கனம். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ‘இதைவிடக் குறைவாக மிஞ்சும் அளவு இருக்கிறதா?’ என்று தானே தேட ஆரம்பித்துவிடும்.

ஆயிரம் கொக்குகளைக் கோத்துத் தொங்கவிடுவது ஜப்பானில் வேண்டுதல்போல நடக்கும் வழக்கம். 500 தாள்கள் கொண்ட ஒரு ஏ4 கட்டை இரண்டிரண்டாக வெட்டினால் சரியாக ஆயிரம் சதுரங்கள் கிடைக்கும். அதையே 7 செ.மீ. அளவில் வெட்டினால் 84 தாள்களே போதும். எட்டு சதுரங்கள் உபரியாகவும் இருக்கும். அளவைத் தீர்மானித்துவிட்டு வெட்டத் தொடங்கினால் எவ்வளவு மிச்சம் பாருங்கள்!

செய்யப்போவது எது, தாள் எவ்வளவு?

வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘முடிந்த பொருள் எவ்வளவு பெரிதாக வேண்டும்?’ என்பதுதான். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு விகிதம் உண்டு.

கொக்கு: இறக்கைகளை விரித்தால், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஏறக்குறைய தாளின் பக்க அளவே இருக்கும். முதன்முறை செய்யும் பிள்ளைக்கு 21 செ.மீ. தாளைக் கொடுங்கள். மடிப்புகள் பெரிதாக இருப்பதால் விரல்களுக்கு இடம் கிடைக்கும். கை பழகியதும் 14.8, பிறகு 9.9 என்று இறங்கலாம். ‘சின்னப் பிள்ளைக்குச் சின்னத் தாள்’ என்று கொடுப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தப்பு.

பெட்டி: ஜப்பானில் ‘மஸு’ என்று சொல்லப்படும் சதுரப் பெட்டியின் அடிப்பக்கம், தாளின் பக்கத்தில் 0.354 பங்கு. உயரம் அதில் பாதி. 21 செ.மீ. தாளில் செய்தால் 7.4 செ.மீ. அகலமும் 3.7 செ.மீ. உயரமும் உள்ள பெட்டி கிடைக்கும். திருப்பிப் போட்டால், வேண்டிய பெட்டியின் அகலத்தை 2.83-ஆல் பெருக்கினால் தேவையான தாளின் அளவு தெரிந்துவிடும். கொலுவுக்கு வருபவர்களுக்கு 10 செ.மீ. பெட்டியில் சுண்டல் கொடுக்க ஆசையா? 28.3 செ.மீ. சதுரம் வேண்டும். ஏ4 போதாது, 29.7 செ.மீ. அகலமுள்ள ஏ3 வாங்க வேண்டும்.

பெட்டிக்கு மூடி வேண்டுமானால், இரண்டுக்கும் ஒரே அளவில் தாள் எடுத்துவிடாதீர்கள். மூடி உட்காரவே உட்காராது. மூடிக்கு 21 செ.மீ. என்றால், பெட்டிக்கு 20.5 செ.மீ. தாளில் குறைக்கும் 5 மி.மீ., பெட்டியில் சுமார் 2 மி.மீ. இடைவெளியாக மாறும். மூடி இறுகாமலும் கழன்று விழாமலும் இருக்க அந்த இடைவெளி போதும்.

சோனோபே: ஒரே மாதிரி மடித்த துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, பசை இல்லாமல் உருவம் செய்யும் முறை. ஆறு துண்டுகள் சேர்ந்தால் கனசதுரம். பன்னிரண்டும் முப்பதும் சேர்ந்தால் நட்சத்திரம்போலக் கூர்கள் நீட்டிய உருண்டைகள். ஏ4 கணக்கு இங்கே அழகாகப் பொருந்துகிறது. ஒரு தாளை ஆறாக வெட்டினால் 3.5 செ.மீ. கனசதுரம் ஒன்று; பன்னிரண்டாக வெட்டினால் ஓர் உருண்டை; முப்பத்தைந்தாக வெட்டினால் பெரிய உருண்டைக்குப் போக ஐந்து துண்டுகள் மீதி. இந்த முறையில் அளவு 9.9-ஆ, 9.8-ஆ என்பது பெரிய விஷயமில்லை. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

எந்தத் தாள் எதற்கு?

ஜெராக்ஸ் தாள் கட்டின் உறையில் 75 அல்லது 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அதன் அர்த்தம். ஒரிகாமிக்கென்று விற்கும் சாதாரணத் தாள் இதைவிட மெல்லியது. அதனால் ஜெராக்ஸ் தாளில் கொக்கு, பெட்டி, சோனோபே எல்லாம் நன்றாக வரும். ஆனால் தாள் சிறிதாகச் சிறிதாகக் கனம் உறுத்தும். 7 செ.மீ.க்குக் கீழே போனால் மெல்லிய தாளுக்கு மாறுவது நல்லது.

சார்ட் தாள் கலர் கலராக இருக்கும், கொக்குக்கு ஆகாது. மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது விறைத்துக்கொண்டு வெடிக்கும். அதைப் பெரிய பெட்டிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கிளேஸ் பேப்பர், ஒரு பக்கம் வண்ணமும் மறுபக்கம் வெள்ளையுமாக, மெல்லியதாக, ஒரிகாமிக்கு ஏற்றபடி இருக்கும். தினமும் கிழிக்கும் தேதி காலண்டர் தாளும் மடிக்கச் சுகமானது. பழைய பத்திரிகைத் தாளில் ஒத்திகை பார்த்துவிட்டு, நல்ல தாளைக் கடைசியில் எடுக்கலாம்.

வெட்டும் முறை

தாளின் குட்டைப் பக்கத்தைப் பக்கத்திலுள்ள நீளப் பக்கத்தின் மேல் சரியாகப் பொருத்தி மடித்தால் முக்கோணம் வரும். மிஞ்சியிருக்கும் பட்டையை, முக்கோணத்தின் ஓரத்தை ஒட்டிப் பின்பக்கமாக மடித்து, நகத்தாலோ ஸ்பூனின் முதுகாலோ நன்றாகத் தேயுங்கள். பிறகு தாளை முழுவதும் விரித்து, அந்தக் கோட்டின் மேல் வெட்டுங்கள். முக்கோணமாக மடித்திருக்கும்போதே வெட்டினால் அடுக்கு நழுவி, ஒரு ஓரம் சாய்ந்துவிடும்.

பல சதுரங்கள் வேண்டுமென்றால் ஸ்கேலும் கூரான பென்சிலும் வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் தாளின் இரு ஓரங்களிலும் புள்ளி வைத்து இணையுங்கள். ஒரே ஓரத்தில் புள்ளி வைத்துக் கண்ணளவில் இழுக்காதீர்கள். வெட்டுவதற்கு நீளமான கத்தரிக்கோல் எடுத்தால் விட்டு விட்டு வெட்டிய தடம் விழாது. இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து கட்டரால் கீறுவது இன்னும் துல்லியம். ஆனால் பிளேடு வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் கோடு போடட்டும். பத்துத் தாளை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டும் ஆசை வேண்டாம், அடித்தாள் நகர்ந்துவிடும். நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டால், பைண்டிங் வேலை செய்யும் கடையில் கட்டிங் மெஷின் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அளவை எழுதிக் கொடுத்தால் கட்டோடு வெட்டித் தருவார்கள்.

வெட்டிய பிறகு இரண்டு சோதனைகள். முதலில், எதிரெதிர் மூலைகளைச் சேர்த்து மடியுங்கள். ஓரங்கள் ஒட்டி நிற்க வேண்டும். அடுத்து, எதிரெதிர் ஓரங்களைச் சேர்த்துப் புத்தகம்போல மடியுங்கள்; மூலைகள் பொருந்த வேண்டும். இரண்டையும் செய்தால்தான் முழுச் சோதனை. லேசாகச் சாய்ந்துபோன சாய்சதுரமும் முதல் சோதனையில் பாஸாகிவிடும். செவ்வகம் இரண்டாவதில் பாஸாகிவிடும். இரண்டிலும் தேறுவது சதுரம் மட்டும்தான்.

1893-ல் மெட்ராஸில்...

ஸ்கேலே இல்லாமல் சதுரம் செய்ய முடியுமா? முடியும் என்று ஒரு புத்தகமே எழுதியவர் டி.சுந்தர ராவ். 1893-ல் மெட்ராஸில் அடிசன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய ஆங்கில நூல், காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பது எப்படி என்று சொல்லித் தருகிறது. கிண்டர்கார்டன் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கும் சதுர வண்ணத் தாள்களிலிருந்துதான் தனக்கு இந்த யோசனை வந்தது என்று முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் இந்த நூலைத் தன் புத்தகத்தில் குறிப்பிட, அது வெளிநாட்டினர் கண்ணில் பட்டது. 1901-ல் சிகாகோவிலும் அச்சானது.

அந்த நூலின் முதல் அத்தியாயம் சதுரத்தைப் பற்றியதுதான். ஓரங்கள் தாறுமாறாக இருக்கும் தாளில் தொடங்குகிறார். ஒரு மடிப்பு போட்டு வெட்டினால் நேர்க்கோடு. அந்த நேர் ஓரத்தை அதன் மேலேயே படியும்படி மடித்தால் செங்கோணம். அப்படியே நான்கு ஓரங்களையும் நேராக்கினால் செவ்வகம். அதன் குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தின் மேல் மடித்து, மிச்சத்தை நீக்கினால் சதுரம். மளிகைப் பொட்டலத் தாளிலும்கூட இதைச் செய்து பார்க்கலாம். ‘செங்கோணம் 90 டிகிரி’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை, அது எங்கிருந்து வருகிறது என்பதைத் தன் கையாலேயே கண்டுபிடிக்கும்.

தாளின் தரமோ விலையோ ஒரு பொருட்டல்ல என்பதற்கு ஹிரோஷிமா சாட்சி. அணுகுண்டு வீச்சின் கதிரியக்கத்தால் ரத்தப் புற்றுநோய்க்கு ஆளான சிறுமி சடாகோ சசாகி, 1955-ல் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி கொக்குகள் மடித்தாள். அவள் பயன்படுத்தியதில் மருந்து சுற்றி வந்த தாளும் உண்டு. ஊசி முனையால் மடிக்கும் அளவுக்குச் சின்னக் கொக்குகளையும் செய்தாள். அந்த ஆண்டு அக்டோபரில், 12 வயதில் இறந்துபோனாள். காகிதக் கொக்கு உலகமெங்கும் அமைதியின் அடையாளமானது அவளால்தான்.

மிஞ்சிய பட்டையை வீசாதீர்கள்!

ஏ4 தாளை ஆறாக வெட்டும்போது 1.2 செ.மீ. அகலத்தில், 29.7 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை மிஞ்சியதல்லவா? அதன் ஒரு முனையில் தளர்வாக ஒரு முடிச்சு போட்டு, மெதுவாக இழுத்துத் தட்டையாக்குங்கள், ஐங்கோணம் வரும். நீண்டிருக்கும் மீதியை அந்த ஐங்கோணத்தைச் சுற்றிச் சுற்றி மடித்து, நுனியை உள்ளே செருகிவிடுங்கள். ஐந்து பக்கங்களையும் நகத்தால் லேசாக உள்ளே அமுக்கினால், உப்பிய குட்டி நட்சத்திரம் ஒன்று எழுந்து நிற்கும்.

ஒரு தாளில் ஆறு சதுரம், ஒரு நட்சத்திரம். குப்பைக்கூடைக்கு எதுவுமே இல்லை!